பைக்குக்கு எதுக்குய்யா கார் காத்து?

போன வருஷம் ஐப்பசி மழையில ஆரம்பிச்ச கோபம் இது. ஆபீஸ்ல ஆணி அதிகம், அதனால எழுதாமலே இருந்தேன். நேத்து சாயங்காலம் பங்க்ல நடந்த சண்டைக்கு அப்புறம் இதை எழுதாம தூக்கம் வராதுன்னு ஆகிப்போச்சு.

முதல்ல ஐப்பசி. குரோம்பேட்டையில சித்தி வீட்டுக்கு அம்மாவைப் பின்னாடி உட்கார வச்சுக்கிட்டு போயிட்டிருந்தேன். தூறல். நாற்பதுக்கு மேல போகலை, சத்தியம். முன்னாடி போன ஷேர் ஆட்டோ வழக்கம் போல கை காட்டாம, விளக்கு போடாம, கடவுளை மட்டும் நம்பி நின்னுச்சு. நானும் பிரேக் பிடிச்சேன். முன் சக்கரம் சரியா அந்த ஜீப்ரா கோட்டு பெயின்ட் மேல. அண்ணன்கிட்டேருந்து எனக்கு வந்த 150 சிசி வண்டி, ஏ.பி.எஸ். வர்றதுக்கு முந்தின காலத்துது. சக்கரம் நின்னுச்சு, வண்டி நிக்கலை. எனக்கு முழங்கால்ல சிராய்ப்பு. அம்மாவுக்கு வலது மணிக்கட்டு எலும்பு முறிஞ்சு ஆறு வாரம் மாவுக்கட்டு. ஆறு வாரமும் அவங்க இடது கையில ஸ்பூனை வச்சுக்கிட்டு சாம்பார் சாதத்தோட மல்லுக்கட்டினதைப் பார்த்துக்கிட்டே எதிர்ல உட்கார்ந்து சாப்பிட்டிருக்கேன்.

மறுநாள் காலையில வண்டியை நிறுத்தி வச்சிருந்த இடத்துக்கே போய், பக்கத்து வீட்டு அங்கிளோட கேஜை வாங்கி அளந்து பார்த்தேன். முன்னாடி 35. பின்னாடியும் 35. வண்டியில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர் என்ன சொல்லுது? முன்னாடி 25. பின்னாடி தனியா போனா 28, ரெண்டு பேர்னா 32.

35 எங்கிருந்து வந்துச்சுன்னு யோசிக்க ரொம்ப நேரம் ஆகலை. ரெண்டு நாள் முன்னாடி பங்க்ல காத்து அடிச்சேன். எனக்கு முன்னாடி ஒரு பெரிய கார் நின்னுச்சு. மெஷின்ல 35 வச்சு நாலு சக்கரத்துக்கும் அடிச்சாங்க. அடுத்தது நான். அந்தப் பையன் பட்டனைத் தொடவே இல்லை. ரெண்டு வால்விலயும் குழாயைச் சொருகினான், 'டிங்'னு சத்தம் வந்துச்சு, "ஓகேண்ணா"ன்னான். நானும் போன் பார்த்துக்கிட்டே அஞ்சு ரூபா கொடுத்துட்டு வந்தேன். (பங்க்ல காத்து இலவசம்னுதான் விதி. அது வேற கதை, இன்னொரு நாள் வச்சுக்கலாம்.)

விழுந்ததுக்குக் காத்துதான் காரணம்னு கோர்ட்ல போய் நான் சத்தியம் பண்ணமாட்டேன். ஈரம், பெயின்ட், என் பிரேக், ஆட்டோக்காரர்னு எல்லாருக்கும் பங்கு இருக்கு. ஆனா ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்க. வண்டி 145 கிலோ, நான் 74. அதுல முன் சக்கரத்து மேல கிட்டத்தட்ட 100 கிலோ, அதாவது 220 பவுண்டு. டயருக்குள்ள இருக்கிற காத்துதான் இந்த எடையில பெரும்பகுதியைத் தாங்குது. சதுர அங்குலத்துக்கு 25 பவுண்டுன்னா, ரோட்டைத் தொடுற பரப்பு சுமார் 8.8 சதுர அங்குலம். 35-ன்னா 6.3. ரப்பரோட விறைப்பு கொஞ்சம் கணக்கை மாத்தும், அதனால நிஜத்துல வித்தியாசம் இவ்வளவு இருக்காதுதான். இருந்தாலும் உள்ளங்கை அளவு ரப்பர் மேல உயிரை வச்சு ஓட்டுறோம், அதுலயும் ஒரு துண்டைக் காசு கொடுத்து வெட்டிட்டு வந்திருக்கேன். இறுகிப்போன டயர் குண்டு குழியில அமுங்காம துள்ளும். துள்ளுற நேரத்துல பிரேக் பிடிச்சா எதைப் பிடிக்கும், ஆகாயத்தையா?

அதுக்கப்புறம் யார்கிட்ட கேட்டாலும் ஆளுக்கொரு சித்தாந்தம் வச்சிருக்காங்க சாமி. பெரும்பாலும் என்னை மாதிரி பொட்டி தட்டுற இன்ஜினியருங்க. அதுலயும் மெக்கானிக்கல் படிச்சவன்தான் ரொம்ப மோசம்.

ஒருத்தன் டயர்லயே நம்பர் போட்டிருக்கான் பாருன்னு குனிஞ்சு காட்டினான். மச்சி, அது டயர் கம்பெனிக்காரன் போட்டது. இந்த டயர் அதிகபட்சம் இவ்வளவு எடை தாங்கும், அதுக்கு இவ்வளவு காத்து வேணும்னு அர்த்தம். என் பின் டயர்ல 55-ன்னு ஒரு எண் இருக்கு. 218 கிலோ தாங்கும்னு பொருள். நான் தனியா போகும்போது பின் சக்கரத்து மேல இருக்கிறதே 120 கிலோதான். 218 கிலோவுக்கு அடிக்கிற காத்தை 120-க்கு எதுக்குடா அடிக்கணும்? அதே டயர் நாலு கம்பெனி வண்டியில மாட்டியிருக்கும். உன் வண்டி எவ்வளவு கனம், உன் சஸ்பென்ஷன் எப்படின்னு டயருக்குத் தெரியுமா? வண்டி செஞ்சவனுக்குத்தான் தெரியும். அவன் சோதிச்சுப் பார்த்துத்தான் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கான்.

இன்னொருத்தர், டீம் லீடு, மரியாதையா சொல்லிடறேன், மைலேஜ் கிடைக்குதுன்னார். கிடைக்கும். மறுக்கலை. இறுக்கமான டயர் கொஞ்சம் லேசா உருளும். மாசம் ஒரு டீ காசு மிஞ்சும். அந்தக் காசை, நடுவுல மட்டும் தேஞ்சு சீக்கிரமே செத்துப்போற டயருக்குச் சேர்த்து வச்சுக்கோங்க சார்.

"எப்படியும் இறங்கத்தானே போகுது, கூட அடிச்சு வச்சா ரெண்டு மாசத்துக்குக் கவலை இல்லை"ன்னு ஒரு கோஷ்டி. சாப்பாட்டு விஷயத்துலயும் இவங்க இப்படித்தானான்னு தெரியலை.

எல்லாத்தையும் விட ஆபத்தான கோஷ்டி வெயில் கோஷ்டி. "கத்திரி வெயில்ல டயர் வெடிச்சிடும், காத்தைக் குறை"ம்பாங்க. நம்ம அப்பாக்கள்ல பாதிப்பேர் இந்தக் கட்சி. சூட்டுல காத்து விரியும், அழுத்தம் கூடும், வாஸ்தவம். ஆனா 28 பி.எஸ்.ஐ. இருக்கிற டயர்ல சூடு பத்து டிகிரி ஏறினா கூடுறது கிட்டத்தட்ட ஒன்றரை பி.எஸ்.ஐ.தான். ஸ்டிக்கர்ல போட்டிருக்கிறது வண்டி ஓடாம ஆறியிருக்கும்போது அளக்க வேண்டிய அளவு. ஓடினா ஏறும்னு தெரிஞ்சுதான் அந்த எண்ணையே போட்டிருக்கான். நீங்க காத்தைக் குறைச்சா டயரோட பக்கச்சுவர் ஒவ்வொரு சுத்துக்கும் மடங்கி மடங்கி விரியும், அதுலதான் உண்மையான சூடே பிறக்குது. வெடிக்கக்கூடாதுன்னு காத்தைக் குறைக்கிறவர்தான் வெடிக்க வழி பண்ணிக்கொடுக்கிறார். சொ.செ.சூ.ன்னா இதுதான்.

நைட்ரஜன் அடிக்கிறவங்களுக்கு ஒரே வரி: நீங்க மூக்கால இழுக்கிற காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், ஓசியில.

இங்க ஒரு கதை சொல்லணும். 2023-ல ஆறு மாசம் டெக்சாஸ்ல ஆன்சைட் போயிருந்தேன். எங்க கிளையன்ட் ஆபீஸ்ல அறுபது வயசு தாண்டின ஒருத்தர் இருந்தார். ஹோண்டா கோல்ட்விங் வச்சிருந்தார், பழைய 1800 மாடல். நானூறு கிலோ எருமை. ஒரு நாள் பார்க்கிங்ல பின்னாடி குனிஞ்சு பார்த்தா, பின் சக்கரத்துல கார் டயர்! 'ஙே'ன்னு முழிச்சேன். அங்க இப்படி மாத்துறதுக்கு 'டார்க்சைடு'ன்னே பேர் வச்சிருக்காங்க. பைக் டயர் சீக்கிரம் தேஞ்சிடும், விலையும் ஜாஸ்தி. கார் டயர் அதைவிட ரெண்டு மூணு மடங்கு ஓடும். அதான் காரணம். டயர் கம்பெனிகள் கூடாதுன்னு தலைப்பாடா அடிச்சுக்கிறாங்க. ரிம்மோட விளிம்பு அமைப்பு வேற, சாஞ்சு திரும்புற வண்டிக்கு உருண்டையா இருக்க வேண்டிய டயர் சப்பையா இருக்கு. எனக்கும் இது சரின்னு படலை. அவர்கிட்டயே சொன்னேன், சிரிச்சார்.

நான் சொல்ல வந்தது அது இல்லை. அந்த டயருக்கு எத்தனை காத்துன்னு கேட்டேன். ஒரு சின்ன நோட்டை எடுத்தார். வண்டியோட ஸ்டிக்கர் பின்னாடி 41-ங்குது, ஆனா அது பைக் டயருக்கு. கார் டயர்ல போட்டிருக்கிற எண் காருக்கு. இந்த ரெண்டும் சேர்ந்த கூட்டணிக்கு உலகத்துல யாரும் எண் கொடுக்கலை. அதனால மனுஷன் 41-ல ஆரம்பிச்சு ரெண்டு ரெண்டா குறைச்சுக்கிட்டே வந்திருக்கார். ரொம்ப இறுக்கமா இருந்தா வளைவுல டயர் மடங்காம ஒரு ஓரத்து மேல ஏறி நிக்குதாம், வண்டி நிமிரப் பார்க்குதாம். ரொம்பத் தளர்ந்தா பின்னாடி ஆடுது, சூடும் ஏறுது. கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு அளவு, அரை மணி நேரம் ஓட்டிட்டு ஒரு அளவு. பத்து சதவீதத்துக்கு மேல ஏறியிருந்தா காத்து கம்மின்னு கணக்கு. தனியா போன நாள் வேற, மனைவி கூட வந்த நாள் வேறன்னு பிரிச்சுத் தேதி போட்டு எழுதி வச்சிருந்தார். கடைசியில 36-ல நின்னிருந்தார்.

கூடாதுன்னு சொல்ற வேலையைச் செய்றவர்! அவருக்கு ஸ்டிக்கர் கிடையாது, அதனால நோட்டு போட்டார். நமக்கு ஸ்டிக்கர் இருக்கு, சங்கிலி மூடி மேலயோ பின் சக்கரத்தைத் தாங்குற கம்பி மேலயோ சேறு மூடிக் கிடக்கு. போன் வாங்குறதுக்கு மூணு வாரம் வீடியோ பார்த்து ஆராய்ச்சி பண்றோம். பெத்த தாயைப் பின்னாடி உட்கார வைக்கிற வண்டிக்கு, முன்னாடி நின்ன கார்க்காரரோட எண்ணை இரவல் வாங்கிக்கிறோம். இதுல நான்தான் முதல் குற்றவாளி.

அந்தப் பையன் மேல எனக்குக் கோபம் இல்லை. நாள் பூரா வெயில்ல குனிஞ்சு நிமிர்றான். 'எவ்வளவுண்ணா'ன்னு கேட்டா பாதிப்பேர் "நீயே பார்த்து அடி"ங்கிறான், மீதிப்பேர் "நல்லா ஃபுல்லா அடிப்பா"ங்கிறான். ஃபுல்லாவாம், அது என்ன தண்ணி டேங்கா? கோபம் சர்வீஸ் சென்டர் மேல. பேப்பர்ல 'டயர் பிரஷர்' கட்டத்துல டிக் அடிச்சுக் கொடுத்தாங்க, வீட்டுக்கு வந்து அளந்தா ரெண்டுலயும் 40. திரும்பப் போய் கேட்டா சூப்பர்வைசர் "எல்லா வண்டிக்கும் இதான் சார் போடறது"ன்னார். பெருமையா! அவங்க ஒட்டின ஸ்டிக்கரை அவங்களே படிக்கலை.

நேத்து சண்டை இதுதான். முன்னாடி 25 வை தம்பின்னேன். "அண்ணா, 25 எல்லாம் பத்தாதுண்ணா, பஞ்சர் ஆகிடும்"ன்னு அவன் சொல்ல, பின்னாடி கார்ல இருந்தவர் ஹாரன் அடிச்சு "அவர்தான் சொல்றாரே, அடிச்சிட்டுக் கிளம்புங்க சார்"னார். நான் இறங்கிப் போய் ஸ்டிக்கரைத் துடைச்சுக் காட்டினேன். அதுல 1.75, 2.00, 2.25-ன்னு கிலோ கணக்கு. மெஷின்ல பி.எஸ்.ஐ. ஒரு கிலோன்னா 14.2-ன்னு நான் வாய்ப்பாடு சொல்ல ஆரம்பிச்சதும் கார்க்காரர் முகத்துல ஒரு பரிதாபம் வந்துச்சு பாருங்க. ஆனா தம்பி மட்டும் குனிஞ்சு பார்த்தான். "இதுலயே போட்டிருக்காண்ணா!"ன்னான். பட்டனை அமுக்கி 25-க்கு இறக்கினான்.

முந்நூறு சொச்சத்துக்கு நானும் ஒரு கேஜ் வாங்கியிருக்கேன், பென்சில் மாதிரி. பதினஞ்சு நாளைக்கு ஒரு ஞாயிறு, காலையில வண்டியை எடுக்கிறதுக்கு முன்னாடி அளக்கிறேன். அம்மா வர்றாங்கன்னா பின்னாடி 32. அவங்க ஏறுறதுக்கு முன்னாடி நின்னு, "முப்பத்திரண்டா?"ன்னு கேட்கிறாங்க. ஆமான்னு சொன்னாத்தான் ஏறுறாங்க.

பி.கு: தலைப்புலேருந்து கடைசி வரைக்கும் 'காத்து'ன்னுதான் எழுதியிருக்கேன், எழுத்துப்பிழை இல்லை. பஞ்சர் கடையில போய் 'காற்று நிரப்புங்கள் ஐயா'ன்னு கேட்டுட்டு வந்து அப்புறம் என்னைத் திட்டுங்க.