எச்சரிக்கை காலனி வரைக்கும் வர வேண்டும்

அக்டோபர் பிறந்துவிட்டால் உத்திரமேரூர் வட்டாரத்தில் வானம் இருட்டுகிறதோ இல்லையோ, செல்பேசி இருட்டிவிடுகிறது. ‘வரலாறு காணாத மழை’, ‘அடுத்த 48 மணி நேரம் ஆபத்து’, ‘நாளை பள்ளி விடுமுறை’ என்று வாட்ஸ்அப்பில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுகின்றன. எது அரசு அறிவிப்பு, எது பார்வையாளர் எண்ணிக்கைக்காக யாரோ போட்ட வீடியோ என்று பிரித்துப் பார்க்கும் வேலை படிப்பவர் தலையில் விழுகிறது.

இதைப் பற்றி இந்தப் பத்தியில் ஏன் எழுத வேண்டும்? மழைக்குச் சாதி இல்லை என்பார்கள். மழைக்கு இல்லை. ஆனால் மழைநீர் போய்த் தேங்கும் இடத்துக்கு உண்டு. பல கிராமங்களில் காலனி இருப்பது ஊரின் தாழ்வான பக்கத்தில், ஏரியின் கலங்கல் தண்ணீர் ஓடும் வழியில், ஓடைப் புறம்போக்கில். அது தற்செயலாக அமைந்த இடம் அல்ல, ஒதுக்கப்பட்ட இடம். பிரிக்கப்படாத காஞ்சிபுரம் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய நான்கில் ஒருவர் பட்டியலினத்தவர். அவர்களில் பெரும்பாலோர் சொந்த நிலத்தில் அல்ல, மற்றவர் நிலத்திலும் செங்கல் சூளையிலும் கல்குவாரியிலும் வேலை செய்கிறவர்கள். மழை வருமா வராதா என்பது அவர்களுக்கு நாளைய கூலி உண்டா இல்லையா என்ற கேள்வி.

செய்தியைச் சுமந்தவர்கள்

உத்திரமேரூர் என்றால் உடனே குடவோலைக் கல்வெட்டைச் சொல்வார்கள். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் அதைக் குறிப்பிட்டார். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட அந்தக் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் என்று ஒரு குழு வருகிறது. ஏரியைப் பார்த்துக்கொள்வது அதன் வேலை. ஆனால் வாரியத்தில் உட்கார வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் படிப்பும் வேண்டும். ஏரிக்கு மண் சுமந்தவன் அந்தக் குடத்தில் தன் பெயரைப் போட முடியாது.

பின்னாளிலும் ஏரி மதகைத் திறந்து மூடியவர்கள், இரவில் கரையில் நின்று நீர்மட்டம் பார்த்தவர்கள், நீர்க்கட்டி, கம்புகட்டி என்று அழைக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். ஊருக்கு அரசு அறிவிப்பைத் தண்டோரா போட்டுச் சொன்னவர்களும் அவர்களே. அது சாதி இழிவாகவே தொடர்ந்தது. 2022 ஆகஸ்டில் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு, தண்டோரா முறையைக் கைவிட்டு வாகனத்தில் ஒலிபெருக்கி வைத்து அறிவிக்க வேண்டும் என்று ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். சரியான முடிவு. ஆனால் அதற்குப் பிறகு நடப்பது என்ன? அறிவிப்பு செல்பேசிக்குப் போய்விட்டது. ஆண்டாண்டு காலமாக மற்றவர்களுக்குச் செய்தி சுமந்தவர்களின் தெருவுக்குச் செய்தி கடைசியாக வருகிறது.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் குறைவானவர்களே எப்போதாவது இணையத்தைப் பயன்படுத்தியிருந்தார்கள். நாற்று நடுவதும் களை எடுப்பதும் அந்தப் பெண்கள்தான்.

சாத்தனூர் சொல்லும் பாடம்

2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. பிறகு உள்மாவட்டங்களில் கொட்டிய மழையில் சாத்தனூர் அணைக்கு வெள்ளம் வந்தது. டிசம்பர் 2 அதிகாலை வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. தென்பெண்ணைக் கரையில் விழுப்புரம், கடலூர் மாவட்டக் கிராமங்கள் மூழ்கின. முன்னறிவிப்பு இல்லாமல் திறந்தார்கள் என்றன எதிர்க்கட்சிகள். ஐந்து முறை எச்சரிக்கை விடுத்தோம் என்றது அரசு.

இரண்டில் எது சரி என்று வாதாடுவதைவிட வேறொரு கேள்வி முக்கியம். எச்சரிக்கை விடுத்தது எப்போது என்பதற்கு அலுவலகத்தில் பதிவு இருக்கும். அது கரையோரக் கடைசி வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது என்பதற்குப் பதிவு எங்கே இருக்கிறது? எச்சரிக்கை விடுத்ததற்குக் கணக்கு இருந்து, வந்து சேர்ந்ததற்குக் கணக்கு இல்லையென்றால், பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

உத்திரமேரூருக்கும் இது தொலைவான கதை அல்ல. செய்யாறும் வேகவதியும் பாலாற்றில் சேரும் திருமுக்கூடல் நம் பக்கத்தில் இருக்கிறது. மாவட்டத்தில் நீர்வளத் துறை ஏரிகள் மட்டும் 381. ஒரு ஏரி நிரம்பிக் கலங்கல் போனால் கீழே அடுத்த ஏரி. அதற்கும் கீழே குடியிருப்பு.

கணிப்பு மாறும், அது பொய் அல்ல

அதே ஃபெஞ்சலில் இன்னொன்றும் நடந்தது. அது புயலாக வலுப்பெறாது என்று நவம்பர் 28-ல் சொன்ன இந்திய வானிலை ஆய்வுத் துறை, 29-ல் புயலாகிவிட்டது என்றது. அதற்கு ஒன்றரை மாதம் முன்பு, அக்டோபர் 16-ல் சென்னை, காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களுக்குச் சிவப்பு எச்சரிக்கை; பள்ளிகளுக்கு விடுமுறை. தாழ்வு மண்டலம் வடக்கே நகர்ந்துவிட, எதிர்பார்த்த மழை வரவில்லை. ‘இவர்கள் சொன்னால் நடக்காது’ என்ற கேலி அப்போது பரவியது.

இந்தக் கேலியில் ஆபத்து இருக்கிறது. முன்கணிப்பு என்பது ஜோசியம் அல்ல. செயற்கைக்கோள், ரேடார், கடல் மிதவைகள் தரும் அளவுகளைக் கணினி மாதிரிகளில் இட்டுச் சொல்லும் சாத்தியக்கூறு. புதிய அளவு வந்தால் கணிப்பு மாறத்தான் செய்யும். நேற்றைய கணிப்பை இன்று திருத்துகிறவரை நம்பலாம். பத்து நாள் கழித்து வரும் மழையை ஊர் பெயரோடும் சென்டிமீட்டரோடும் அடித்துச் சொல்கிறவரை நம்பக் கூடாது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை பதிவானது உண்மை. நாசா 250 செ.மீ. மழை வரும் என்றதாகப் பரவியது பொய். கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்பதும் பொய். உண்மையே அவ்வளவு பயங்கரமாக இருந்தபோதும் பொய்க்குத்தான் கால் முளைத்தது.

அறிக்கையைப் படிப்பது எப்படி?

வானிலைத் துறையின் சொற்களுக்குத் திட்டமான பொருள் உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை பெய்தால் ‘கனமழை’. 115.6 முதல் 204.4 வரை ‘மிக கனமழை’. அதற்கும் மேல் ‘அதி கனமழை’. ஒரு நாள் என்பது காலை 8.30 மணி முதல் மறுநாள் காலை 8.30 மணி வரை. ஒரு செ.மீ. மழை ஒரு ஏக்கரில் விழுந்தால் ஏறக்குறைய 40,000 லிட்டர் தண்ணீர். ‘மிக கனமழை’ என்றால் ஏக்கருக்கு நான்கு லட்சம் லிட்டருக்கு மேல்.

‘ஓரிரு இடங்களில்’ என்றால் அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் கால்வாசி அல்லது அதற்கும் குறைவு. ‘சில இடங்களில்’ என்றால் பாதி வரை. ‘பல இடங்களில்’ என்றால் முக்கால்வாசி வரை. ‘பெரும்பாலான இடங்களில்’ என்றால் அதற்கும் மேல். ஆகவே, ‘காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் கனமழை’ என்று வந்து, குன்றத்தூரில் கொட்டி, உத்திரமேரூரில் தூறலோடு போனால் கணிப்பு பொய்த்தது என்று அர்த்தமில்லை.

நிறங்களும் அப்படித்தான். பச்சை என்றால் எச்சரிக்கை இல்லை. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு. ஆரஞ்சு என்றால் தயாராகு. சிவப்பு என்றால் செயல்படு. சிவப்பு என்றால் பேரழிவு உறுதி என்று பொருள் அல்ல. மஞ்சள் என்றால் பொருட்படுத்த வேண்டாம் என்றும் பொருள் அல்ல.

எங்கே பார்ப்பது?

முதலில் சென்னை நுங்கம்பாக்கத்தில் இயங்கும் மண்டல வானிலை ஆய்வு மையத்தின் தமிழ் அறிக்கை. அதன் இணையதளத்தில் மாவட்ட வாரியான எச்சரிக்கையும், அடுத்த மூன்று மணி நேரத்துக்கான உடனடிக் கணிப்பும், ரேடார் படமும் கிடைக்கும். சென்னை ரேடாரின் பார்வை எல்லைக்குள்தான் உத்திரமேரூர் இருக்கிறது. ‘மௌசம்’ செயலியும் அதே துறையினுடையது. பயிருக்கு ‘மேகதூத்’, வாரத்தில் செவ்வாய், வெள்ளி ஆலோசனை வரும். இடி மின்னலுக்கு ‘தாமினி’. நாட்டில் ஆண்டுக்கு 2,000-க்கும் மேற்பட்டோர் மின்னலில் சாகிறார்கள். திறந்த வயலில் வேலை செய்வோர் அதில் ஏராளம். மாநில அரசின் ‘டிஎன் அலர்ட்’ செயலியில் தமிழிலேயே எச்சரிக்கை வருகிறது. 2024 அக்டோபர் 24 முதல் ஊராட்சி அளவிலும் ஐந்து நாள் கணிப்பு தரப்படுகிறது. ‘இ-கிராம் ஸ்வராஜ்’ தளத்தில் பார்க்கலாம்.

‘தமிழ்நாடு வெதர்மேன்’ பிரதீப் ஜான் போன்ற தனிப்பட்ட ஆர்வலர்கள் எளிய தமிழில் விளக்குவது பயனுள்ளது. ஆனால் அதை விளக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள்; அதிகாரப்பூர்வ எச்சரிக்கையின் இடத்தில் வைக்க வேண்டாம். செயலிகள் காட்டும் வண்ணப் படங்கள் மாதிரியின் கணக்கு மட்டுமே. உலக அளவிலான மாதிரிகள் பூமியைப் பல கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. ஒரு கட்டத்துக்குள் நம் ஊர்கள் பல அடங்கிவிடும்.

எந்தச் செய்தி வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். தேதியும் நேரமும் இருக்கிறதா? யார் சொன்னது என்று பெயர் இருக்கிறதா? அவர்களுடைய தளத்தில் அதே செய்தி இருக்கிறதா? மூன்றில் ஒன்றுக்கு இல்லை என்ற பதில் வந்தால் முன்னனுப்ப வேண்டாம். பள்ளி விடுமுறையை அறிவிப்பவர் ஆட்சியர், யூடியூபர் அல்ல. செயலி இல்லாத சாதாரண போன் வைத்திருப்போர் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077-லும், மாநில அறையை 1070-லும் கேட்கலாம்.

மாணவர்கள் இன்னொன்றையும் பிரித்தறிய வேண்டும். இன்று பெய்யும் மழை வானிலை. பல பத்தாண்டுச் சராசரி காலநிலை. தமிழகத்துக்கு வடகிழக்குப் பருவத்தில் சராசரியாகக் கிடைப்பது சுமார் 44 செ.மீ. ஒரு ஆண்டு அதற்குக் குறைந்தது என்பதால் பருவநிலை மாற்றம் பொய்யாகாது. ஒரு நாள் கொட்டியது என்பதால் மட்டும் அது நிரூபணமாகாது.

கூலிக்காரருக்கு என்ன ஆலோசனை?

இவ்வளவு இருந்தும் ஒரு பெரிய குறை இருக்கிறது. வேளாண் வானிலை ஆலோசனைகள் நிலம் உள்ளவரிடம்தான் பேசுகின்றன. மருந்து அடிக்காதே, அறுவடையைத் தள்ளிப் போடு, வடிகால் வெட்டு என்கின்றன. அறுவடை தள்ளிப் போனால் கூலி இழப்பவருக்கு ஒரு வரி இல்லை. மதிய வெயிலில் சூளையில் கல் அடுக்குகிறவர் எத்தனை மணிக்கு வேலையை நிறுத்த வேண்டும் என்று ஆலோசனை இல்லை. வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024-ல் தமிழக அரசு அறிவித்தது. இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். இறக்காமல் இருக்க முதல்நாளே சொல்லப்படும் செய்திதான் அதைவிட மலிவு.

வாரத்துக்கும் வாய்மொழிக் குத்தகைக்கும் பயிரிடும் தலித் விவசாயியின் நிலை இன்னும் மோசம். பயிர்க் காப்பீட்டில் வெள்ளச் சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அதற்கு முன்பே, காப்பீடு செய்ய கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் வேண்டும். நிலத்துக்காரர் ஒப்புக்கொள்ளாவிட்டால் அடங்கலில் அவர் பெயர் ஏறாது. சரியான கணிப்பு கையில் இருந்தும் பயன்படுத்த வழி இல்லை.

இதற்கிடையே, வேளாண் அறிவியல் நிலையங்களில் இயங்கிய 199 மாவட்ட வேளாண் வானிலை அலகுகளை மூட 2024 தொடக்கத்தில் ஒன்றிய அரசு முடிவெடுத்தது. செயலி வந்துவிட்டது என்பதற்காக, கணிப்பை உள்ளூர் மொழியில் விளக்கும் ஆளை எடுத்துவிட்டால் செயலியைப் படிக்கத் தெரிந்தவருக்கு மட்டுமே செய்தி மிஞ்சும்.

கிராம சபையில் கேளுங்கள்

அக்டோபர் 2-லும் நவம்பர் 1-லும் கிராம சபை கூடுகிறது. பருவமழையின் வாசலில் வரும் இரண்டு நாட்கள். நான்கு தீர்மானங்களைக் கேட்கலாம். ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை வந்தால் ஒலிபெருக்கி வண்டி முதலில் காலனிக்கும் இருளர் குடியிருப்புக்கும் வர வேண்டும். அது வந்த நேரம் ஊராட்சிப் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். தினசரிக் கணிப்பும் அருகிலுள்ள ஏரியின் நீர்மட்டமும் காலனிப் பலகையில் எழுதப்பட வேண்டும். வெள்ளம் வந்தால் தங்கும் இடம் எது, அங்கே எல்லோருக்கும் ஒரே கூரையும் ஒரே பந்தியும் உண்டா என்பது முன்கூட்டியே முடிவாக வேண்டும்.

2004 சுனாமியின்போது நாகப்பட்டினம் முகாம்களில் தலித்துகள் ஒதுக்கப்பட்டது பதிவாகியிருக்கிறது. பேரிடர் வந்த பிறகு சமத்துவம் பேச நேரம் இருக்காது. பலகையில் எழுத ஒரு சுண்ணக்கட்டியும், அறிக்கையைப் படித்துச் சொல்ல காலனிக்கு ஒரு கல்லூரி மாணவரும் போதும். அந்த அளவுக்கு நாமே தொடங்கலாம். மீதியை ஊராட்சியிடம் கேட்டு வாங்க வேண்டும். அது சலுகை அல்ல, உரிமை.