அறை கட்டிய படகு வேறு படகு

கிள்ளான் ஆற்று முகத்துவாரத்திலிருந்து மலாக்கா நீரிணைக்குள் போகும் திறந்த விசைப்படகில், படகோட்டியின் தலைமேல்தான் வெயிலும் மழையும். சுற்றிலும் அடைத்து, கண்ணாடி வைத்து, ஒரு சுக்கான் அறை கட்டிக்கொள்ள அவர் விரும்புவது நியாயமே. கட்டட்டும், ஆனால் சாய்வுச் சோதனை செய்யாமல் அந்தப் படகைக் கடலுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பதே என் கருத்து.

மாணவர்களே, ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். படகின் எடை 1,000 கிலோ. அதன் புவியீர்ப்பு மையம் அடிமட்டத்திலிருந்து 60 செ.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன்மேல் 150 கிலோ அறை ஏறுகிறது. அறையின் மையம் 180 செ.மீ. உயரத்தில். இரண்டையும் சேர்த்தால் புதிய மையம் ஏறக்குறைய 76 செ.மீ. மையம் உயர உயர, சாய்ந்த படகை நிமிர்த்தும் திறன் குறையும்.

அடுத்தது காற்று. அறையின் சுவர், பாய்மரம் போலக் காற்றைப் பிடிக்கும். மணிக்கு 60 கி.மீ. வேகக் காற்று 3 சதுர மீட்டர் சுவரில் மோதினால், ஏறத்தாழ 500 நியூட்டன் விசை. 50 கிலோ ஆள் ஒருவரின் எடை அது. விடியற்காலையில் நீரிணையைக் கடந்து வரும் சுமத்ரா புயல்காற்று இந்த வேகத்தை எட்டக்கூடியது.

“எத்தனை வருடமாக ஓட்டுகிறேன், எனக்குத் தெரியாதா?” என்று அனுபவசாலிகள் கேட்பார்கள். அவர்களின் அனுபவம் பழைய படகோடு பெற்றது. அறை ஏறிய பிறகு படகு முன்பைவிட மெதுவாக ஆடும். பயணம் சொகுசாகிவிட்டது என்று தோன்றும். உண்மையில் நிமிரும் வலு குறைந்ததன் அடையாளம் அது.

பெரிய கப்பலுக்கும் இதே விதிதான். தென்கொரியாவின் செவோல் கப்பல், 2012-இல் ஜப்பானிலிருந்து வாங்கப்பட்ட பிறகு, அதன் மேல்தளங்களில் பயணிகள் அறைகள் கூட்டப்பட்டன. சரக்கைக் குறைத்து, அடியில் நிறைநீரைக் கூட்டி ஓட்ட வேண்டிய கப்பலில், அனுமதித்ததைவிட இரு மடங்குக்கும் மேல் சரக்கு ஏற்றினார்கள், நிறைநீரையும் குறைத்தார்கள். 2014 ஏப்ரல் 16-இல் அது கவிழ்ந்து 304 பேர் இறந்தனர். அவர்களில் 250 பேர் உங்களைப் போன்ற பள்ளி மாணவர்கள்.

சிறு படகுக்குச் சோதனை எளிது. அமைதியான நீரில், தெரிந்த எடையொன்றை நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்த்த வேண்டும். தொங்கும் தூக்குக்குண்டு எவ்வளவு விலகுகிறது என்று அளக்க வேண்டும். அறை கட்டுமுன் ஒருமுறை, கட்டியபின் ஒருமுறை. விலகல் அதிகமானால் அறையின் உயரத்தையும் எடையையும் குறைக்க வேண்டும். அதே தடிமனில் பாலிகார்பனேட் தகடு, கண்ணாடியின் எடையில் பாதிதான் இருக்கும். அறைக்கு இரண்டு வழிகளும் தேவை. படகு கவிழ்ந்தால் ஒற்றைக் கதவு நீரின் அழுத்தத்தில் திறக்காமல் போகலாம்.

படகு வைத்திருக்கும் உறவினர் உங்களுக்கு இருந்தால், அறை கட்டும் பேச்சு எழும்போது இந்தக் கணக்கை அவரிடம் போட்டுக் காட்டுங்கள். பலகை அறுக்கும் முன்பே காட்டுங்கள்.