ஃபார்மட் போடுவதா வைத்தியம்?



"மச்சான், விண்டோஸ் மாத்தினதுல இருந்து புரொஜக்டர்ல படம் வரலடா!" இந்த வரியைக் கேட்காத காது நம் வளாகத்தில் உண்டா? அதற்குப் பக்கத்தில் நிற்பவர் சொல்லும் பதிலும் நமக்கு மனப்பாடம். "ஃபார்மட் போட்டுடு, சரியாயிடும்!"

எனக்கு வரும் கோபமே இந்தப் பதிலைக் கேட்டுத்தான். மோட்டார் ஓடவில்லை என்றதும் ஃபியூஸைக்கூடப் பார்க்காமல் ரீவைண்டிங்குக்கு அனுப்புகிறவரை நாம் எலக்ட்ரீஷியன் என்போமா? மூன்று வருடம் லேபில் மல்டிமீட்டர் பிடித்த நாமே கம்ப்யூட்டர் என்று வந்துவிட்டால் மட்டும் மந்திரவாதியைத் தேடி ஓடுகிறோம். இது நியாயமா?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அதையொட்டி லேபிலும் ஹாஸ்டலிலும் ஆளாளுக்கு விண்டோஸ் 11-க்குத் தாவினார்கள். தாவியதில் தப்பில்லை. ஆனால் தாவிய மறுநாள் மானிட்டரிலோ புரொஜக்டரிலோ "நோ சிக்னல்" என்று வந்ததும், நேற்றுவரை நன்றாக இருந்த கேபிளைத் திட்டுகிறோமே, அந்தக் கேபிள் ராத்திரியோடு ராத்திரியாகக் கெட்டா போயிருக்கும்?

உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள். எச்.டி.எம்.ஐ. பிளக்கில் 19 முள் இருக்கிறது. 18-ஆம் முள்ளில் லேப்டாப் 5 வோல்ட் கொடுக்கிறது. புரொஜக்டர் 19-ஆம் முள்ளை உயர்த்தி, "நான் இங்கே இருக்கிறேன்" என்கிறது. உடனே லேப்டாப் 15, 16 முட்கள் வழியாக அதன் ஜாதகத்தைக் கேட்டு வாங்குகிறது. இந்த ஜாதகத்துக்கு இ.டி.ஐ.டி. என்று பெயர். அடிப்படைக் கட்டம் மொத்தமே 128 பைட்தான்! எந்த ரெசல்யூஷன் தாங்கும், எத்தனை ஹெர்ட்ஸ் தாங்கும் என்று எல்லாம் அதில் இருக்கும். பொருத்தம் பார்த்து முடித்த பிறகுதான் படம் வரும்.

இந்தப் பொருத்தம் பார்க்கும் ஜோசியர்தான் டிஸ்ப்ளே டிரைவர். அப்கிரேடில் புரொஜக்டர் மாறவில்லை, கேபிள் மாறவில்லை... மாறியது ஜோசியர்! அப்படியிருக்க முதல் சந்தேகம் யார் மேல் வர வேண்டும்?

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு டிரைவர்தான் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதவும் கூடாது. நம்ம சார் சர்க்யூட் லேபில் என்ன சொல்லிக் கொடுத்தார்? நடுவில் பிரித்துப் பார், எந்தப் பாதியில் கோளாறு என்று முதலில் முடிவு செய். அதே வேலைதான் இங்கேயும். புரொஜக்டரை மாட்டியபடியே கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போடுங்கள். விண்டோஸ் ஏறுவதற்கு முன் வரும் கம்பெனி லோகோ புரொஜக்டரில் தெரிகிறதா? பல டெஸ்க்டாப்களிலும் லேப்டாப்களிலும் தெரியும். தெரிந்தால் கேபிள், கன்வர்ட்டர், போர்ட், புரொஜக்டர் நான்கும் நிரபராதி! கோளாறு விண்டோஸ் பக்கம் மட்டுமே. ஒற்றை ரூபாய் செலவில்லாமல் பாதி வழக்கு முடிந்தது. லோகோவில் தெரியவில்லையா? லினக்ஸ் லைவ் பென்டிரைவ் ஒன்றைச் செருகி அதிலிருந்து பூட் செய்யுங்கள். ஹார்ட்டிஸ்கில் ஒரு எழுத்துகூட மாறாது. அதில் படம் வந்தாலும் அதே தீர்ப்புதான்.

திரையில் வரும் செய்தியையும் யாரும் படிப்பதில்லை. "நோ சிக்னல்" வேறு, "அவுட் ஆஃப் ரேஞ்ச்" வேறு. முதலாவது, ஒன்றுமே வந்து சேரவில்லை என்பது. இரண்டாவது, வந்தது ஆனால் என்னால் காட்ட முடியாது என்பது. பழைய புரொஜக்டருக்குத் தாங்காத ரெசல்யூஷனைப் புது டிரைவர் அனுப்பியிருந்தால் இரண்டாவதுதான் வரும். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ரெசல்யூஷனைக் குறைத்தால் தீர்ந்தது. இதற்குப் போய் ஃபார்மட்டா?

பக்கம் விண்டோஸ்தான் என்று தெரிந்த பிறகு விண்டோஸ் கீயையும் பி-யையும் சேர்த்து அழுத்துங்கள். "பிசி ஸ்கிரீன் ஒன்லி" என்று நின்றிருந்தால் "டூப்ளிகேட்" ஆக்குங்கள். அதுவும் இல்லையென்றால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி-ஃபார்-பாம்பே பி... நான்கையும் ஒன்றாக அழுத்தினால் திரை ஒரு கணம் கறுத்து டிரைவர் மறுபடி எழுந்து வரும். திறந்து வைத்த ஃபைல் எதுவும் போகாது. (முதலில் சொன்ன பி வேறு, இந்த பி வேறு. தமிழில் எழுதினால் இதுதான் தொல்லை!)

பிறகு டிவைஸ் மேனேஜர். டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்ற இடத்தில் இன்டெல், ஏ.எம்.டி., என்விடியா என்று பெயர் இருக்க வேண்டும். "மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்" என்று இருந்தால், ஜோசியர் லீவு, அவர் நாற்காலியில் வாட்ச்மேன் உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். லேப்டாப் திரையை மட்டும் எப்படியோ எரிய வைப்பார். இரண்டாவது திரைக்கு அவரிடம் வழி கிடையாது. லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடல் நம்பரைக் கொடுத்து உரிய டிரைவரை எடுத்துப் போடுங்கள். பெயர் சரியாக இருந்தும் படம் வராவிட்டால் "ரோல் பேக் டிரைவர்" பட்டன் இருக்கிறது. பழைய டிரைவர் இன்னும் கைவசம் இருந்தால் அந்தப் பட்டன் வேலை செய்யும்.

இதையெல்லாம் செய்யாததால் என்ன நடந்தது என்று சொல்கிறேன். மெக்கானிக்கல் கடைசி வருட நண்பன் ஒருவன். மறுநாள் புராஜெக்ட் ரிவியூ. புரொஜக்டரில் படம் வரவில்லை. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனான். கடைக்காரர் டிவைஸ் மேனேஜரைத் திறக்கக்கூட இல்லை. 600 ரூபாய் வாங்கிக்கொண்டு ஃபார்மட் போட்டு, அதே விண்டோஸ் 11-ஐ ஏற்றிக் கொடுத்தார். ராத்திரி ஹாஸ்டல் டி.வி.யில் மாட்டிப் பார்த்தால்... அதே "நோ சிக்னல்"! வராதா பின்னே? போட்டதும் அதே விண்டோஸ், உட்கார்ந்ததும் அதே வாட்ச்மேன்! நாங்கள் டிரைவரைத் தேடிப் போட்டோம். இருபது நிமிடத்தில் படம் வந்தது. காட்டுவதற்கு டிராயிங்தான் இல்லை. நாலு மாதம் உட்கார்ந்து வரைந்த ஆட்டோகேட் ஃபைல் எல்லாம் டெஸ்க்டாப்பில் வைத்திருந்தான். ஃபார்மட்டோடு போச்சு.

பெரிய கம்பெனிகளுக்கும் இந்தத் தலைவலி உண்டு. 2018 மார்ச்சில் ஆப்பிள் மேக்ஓஎஸ் 10.13.4 வெளியிட்டபோது, டிஸ்ப்ளேலிங்க் என்ற முறையில் யு.எஸ்.பி. வழியாக மாட்டியிருந்த மானிட்டர்கள் இருண்டுபோயின. டிஸ்ப்ளேலிங்க் நிறுவனமே, 10.13.3-லேயே இருங்கள் என்று சொல்ல வேண்டி வந்தது. அன்று எத்தனை முறை ஃபார்மட் போட்டு அதே 10.13.4-ஐ ஏற்றியிருந்தாலும் விளக்கு எரிந்திருக்காது.

"ரிவியூ நாளைக்குடா, இதெல்லாம் பார்க்க நேரம் ஏது?" என்று கேட்பீர்கள். ஃபார்மட்டுக்கும் டிரைவர், சாஃப்ட்வேர் எல்லாம் திரும்ப ஏற்றுவதற்கும் அரை நாள் போகிறதே, அந்த நேரம் எங்கிருந்து வந்தது? நான் ஃபார்மட்டே கூடாது என்று சொல்லவில்லை. வைரஸ் அரித்த மெஷினுக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும். அப்கிரேடே ஒத்துவரவில்லை என்றாலும் 10 நாளுக்குள் "கோ பேக்" கொடுத்துப் பழைய விண்டோஸுக்கே போகலாம், ஃபைல்கள் இருக்கும். 11-ஆவது நாள் அந்த வழி அடைத்துவிடும். இது தெரியாமல் எத்தனை பேர் காத்திருந்து கோட்டைவிட்டார்கள்!

நாளைக்கு நாம் போகப்போவது மெயின்டெனன்ஸ் வேலைக்குத்தான் நண்பர்களே. லைன் நின்றால், எதனால் நின்றது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் டிப்ளமோக்காரனுக்குச் சம்பளம். மொத்தத்தையும் கழற்றி மாட்டுவதற்கு ஆள் வேறு இருக்கிறார்கள்.

நம் யூனியன் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வார்த்தை. ரிவியூ வாரத்திலும் பிராக்டிகல் வாரத்திலும் லேப் மெஷின்களில் அப்கிரேட் வைக்கக் கூடாது என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். ஒவ்வொரு லேபிலும், நன்றாக வேலை செய்கிறது என்று சோதித்த ஒரு கேபிளும் ஒரு எச்.டி.எம்.ஐ. - வி.ஜி.ஏ. கன்வர்ட்டரும் பீரோவில் தனியாக இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் மாற்றிப் பார்க்க மட்டும்! தினசரி உபயோகத்துக்குக் கொடுத்தால் ஒரே மாதத்தில் அதுவும் ஆடிப்போகும். இன்னொன்று, கோளாறு நோட்டு. வொர்க்‌ஷாப்பில் ஸ்பேனர் வாங்கினால்கூட நோட்டில் கையெழுத்துப் போடுகிறோமே, லேபில் ஒரு கோளாறு எதனால் வந்தது, எப்படித் தீர்ந்தது என்று எழுத ஏன் ஒரு நோட்டு இல்லை? அடுத்த செட்டில் வரும் தம்பி தங்கைகள் மறுபடி முதலிலிருந்தா ஆரம்பிக்க வேண்டும்?

எங்கள் இ.சி.இ. பிரிவில் லேப் அண்ணனிடம் சொல்லி ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கி, சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டிவிட்டோம். பேனாவைத்தான் யாரோ அடிக்கடி தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.