களவு போன கல்லும் கற்க வேண்டிய நூலும்

கொல்லிமலையின் நாடுகளுள் ஒன்று திருப்புலி நாடு. அங்கிருந்து காரவள்ளிச் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, சமவெளிக் கல்லூரிக்கு வரும் மாணவன் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். அவன் குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் போகிறவன். 'ஓராண்டுக்குள் புகழ்பெற்ற பழைய குற்றப் புதினம் ஒன்றைப் படித்து முடிக்க வேண்டும்' என்று அவனுக்கு அறைகூவல் விடுத்தால், எந்நூலை அவன் கையில் கொடுப்பது? பாடநூலுக்கு வெளியே அவன் படிக்கும் முதல் புதினம் அதுவாகவும் இருக்கலாம். ஆதலின், இவ்வினாவைச் சிறிதென ஒதுக்குவதற்கில்லை.

"கொலையும் களவும் கற்பிக்கவோ கல்லூரி?" எனப் பெரியோர் முகம் சுளிக்கக்கூடும். அவர்கட்குச் சிலப்பதிகாரத்தை நினைவூட்ட விழைகிறோம். அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். பழி சுமந்தவன் கோவலன். ஆராயாது ஆணையிட்டவன் பாண்டியன். கண்ணகி கண்ணீரை மட்டுமா மன்றத்தில் வைத்தாள்? சான்றையும் வைத்தாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம், அரசியின் சிலம்பின் பரல் முத்து என்பதே அச்சான்று. குற்றத்தைப் பேசும் நல்ல நூல் குற்றத்தைக் கற்பிப்பதில்லை. ஆராயாமல் தீர்ப்பளிப்பதன் கொடுமையையே கற்பிக்கிறது.

தமிழில் துப்பறியும் புதினமும் புதிதன்று. பண்டித நடேச சாஸ்திரியார் 1894இல் 'தானவன்' என்னும் காவல்துறை நிபுணனின் கதையை வெளியிட்டார். பின்னர் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோர் பெரும் வாசகர் கூட்டத்தை உருவாக்கினர். எனினும், அக்காலப் படைப்புகளுள் பல ஆங்கிலத் தழுவல்களே. எனவே மூலத்தின் இயல்பை முதலில் அறிதல் நன்று எனக் கருதுகிறோம்.

மேலைநாட்டு நூல்களுள் கானன் டாயிலின் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகள் உண்டு. அகதா கிறிஸ்டியின் புதிர்கள் உண்டு. இரண்டும் சுவையானவையே. ஆயினும், நாம் பரிந்துரைப்பது வில்கி காலின்ஸ் 1868இல் எழுதிய 'தி மூன்ஸ்டோன்' என்னும் புதினத்தையே. அதன் காரணம் நம் மண்ணில் இருக்கிறது.

1799 மே 4இல் ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்தது, திப்பு சுல்தான் களத்தில் மடிந்தார், நகரம் சூறையாடப்பட்டது. புதினம் தொடங்குவதும் அங்கேதான். ஆங்கிலேயப் படை அதிகாரி ஒருவன் காவலரைக் கொன்று வைரமொன்றைக் கைப்பற்றுகிறான். வைரம் கற்பனை, கொள்ளை வரலாறு. பல்லாண்டுகட்குப் பின் இங்கிலாந்தின் மாளிகை ஒன்றில் அவ்வைரம் ஒரே இரவில் மறைகிறது. 'திருடியவர் யார்?' என்று அனைவரும் தேடுகின்றனர். 'முதலில் திருடியவர் யார்?' என்னும் வினா வாசகன் நெஞ்சில் எழுகிறது.

மற்றொன்றும் கருதத்தக்கது. முன்பு சிறை சென்ற ஏழைப் பணிப்பெண்மீது அங்கே ஐயம் விழுகிறது. புகழ்பெற்ற துப்பறிவாளர் கஃப் என்பாரும் தவறாகக் கணிக்கிறார். ஒருவர் சொல்லாமல் பலர் மாறிமாறிக் கதை சொல்கின்றனர். ஒவ்வொருவர் சாட்சியையும் எடைபோடும் பொறுப்பு வாசகனுடையது. ஏழையின்மேல் ஐயம் எளிதில் விழும் உலகில், இப்பயிற்சி நம் மாணவர்க்கு மிக வேண்டுவது. குற்றவாளி யார் என்பதை இங்கு உரைத்தல் முறையன்று.

திருப்புலி நாட்டு மாணவனுக்கு இந்நூல் அயலானதன்று. வல்வில் ஓரியை மலையமான் திருமுடிக்காரி கொன்று, கொல்லிமலையைச் சேரனுக்கு அளித்தான் எனச் சங்கப் பாடல் கூறுகிறது. வென்றவன் கைக்கு மாறிய பொருள் உண்மையில் யாருடையது என்னும் வினா அம்மலைக்குப் பழையது. ஆடித் திங்களில் ஓரிக்கு விழா எடுக்கும் மண்ணின் மைந்தன், ஸ்ரீரங்கப்பட்டினத்துக் கல்லின் கதையை விரைந்து உணர்வான்.

நூல் பெரிது, பழைய ஆங்கிலம் கடினம். தமிழ்வழி பயின்ற மாணவன் தயங்குவான். இதனை நாம் மறுக்கவில்லை. இந்தியரை விந்தை மனிதராகக் காட்டும் அக்காலப் பார்வையும் அதில் உண்டு. அதனையும் மாணவர் இனங்கண்டு பேச வேண்டும். ஆயின் இந்நூல் முதலில் ஒரு வார இதழில் 32 பகுதிகளாகவே வெளிவந்தது. அன்றைய வாசகர் வாரம் ஒரு பகுதியே படித்தனர். நாமும் அவ்வாறே செய்யலாகாதா? வாரத்தில் ஒரு மணி நேரம் ஆங்கிலத் துறை ஆசிரியர் வாசிக்க, தமிழ்த்துறை ஆசிரியர் பொருள் கூற, மாணவர் 'யார்மீது ஐயம், ஏன்?' என வாதிடட்டும். அவர்தம் முடிவுகளைத் தமிழில் எழுதி வைக்கட்டும்.

அறைகூவல் எண்ணிக்கைக்காக அன்று, எண்ணத்துக்காக. பத்து நூல்களைப் புரட்டியவனைவிட, ஒரு நூலில் ஆராயாது யாரையும் பழிக்கக் கூடாது என்று கற்றவனே நல்ல வாசகன். அத்தகையோர் நம் கல்லூரிகளில் பெருகுக!