பிள்ளை பார்க்கும் பாட்டிக்கு அங்கீகாரம் உண்டா?

ராஜபாளையத்திலிருந்து தளவாய்புரம் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி, செட்டியார்பட்டியில் இறங்கிப் பாருங்கள். தெருவுக்குத் தெரு தையல் மிஷின் சத்தம் கேட்கும். தளவாய்புரம், முகவூர், செட்டியார்பட்டி என்று அடுத்தடுத்து இருக்கும் இந்த ஊர்களில் தைக்கப்படும் நைட்டிகள் பல மாநிலங்களுக்குப் போகின்றன. துணி வெட்டுவது ஓரிடம், தைப்பது ஓரிடம், மடித்துக் கட்டுவது ஓரிடம். தைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. கை ஓய்ந்தால் கூலியும் ஓய்ந்தது.

அந்தப் பெண்களின் பிள்ளைகள் பகலெல்லாம் எங்கே இருக்கிறார்கள் என்று எப்போதாவது கேட்டிருக்கிறோமா?

சில மாதங்களுக்கு முன் அந்தப் பக்கம் போயிருந்தபோது நான் ஒரு வீட்டைப் பார்த்தேன். முன்னறை உத்திரத்தில் இரண்டு தூளி. தரையில் தவழுகிற ஒன்று. நடக்கிற வயதில் மூன்று. அறுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி, கதவை ஒருக்களித்து வைத்து, வாசலில் காலை நீட்டி மறித்து உட்கார்ந்திருந்தார். தெருவில் லாரி வந்தால் பிள்ளை வெளியே ஓடிவிடக் கூடாதே, அதற்குத்தான் அந்தக் கால். தைக்கப் போகும் தாய்மார் காலையில் விட்டுவிட்டுப் போவார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் வந்து அழைத்துப் போவார்கள். வாரக் கூலி வாங்கும் நாளில் ஆளுக்குக் கொஞ்சம் கொடுப்பார்கள். கொடுக்காதவர்களும் உண்டாம். "குடுத்தா வாங்கிக்கிடுவேன். குடுக்கலன்னா பிள்ளையத் தெருவுலயா விடச் சொல்றீக?" என்றார்.

"இந்த வேலைக்கு அரசாங்கத்தில் மானியம் உண்டு, தெரியுமா பாட்டி?" என்றேன். பாட்டி சிரித்தார். அந்தச் சிரிப்பில் இருந்த விவரம் டில்லியில் திட்டம் தீட்டுகிறவர்களிடம் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது.

மானியம் உண்டு என்பது பொய்யல்ல. வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளுக்கான பகல்நேரக் காப்பகத் திட்டத்தை மத்திய அரசு 1975இலேயே தொடங்கிவிட்டது. 1994இல் தேசியக் காப்பக நிதி என்று ஒன்று வந்தது. இரண்டையும் சேர்த்து 2006இல் ராஜீவ் காந்தி தேசியக் காப்பகத் திட்டம் என்று பெயர் வைத்தார்கள். 2017இல் அதுவே தேசியக் காப்பகத் திட்டம் ஆகி மாநிலங்களின் கைக்கு வந்தது. 2022 ஏப்ரல் முதல் 'மிஷன் சக்தி' என்ற குடையின் கீழ் 'பால்னா' என்று அழைக்கப்படுகிறது. பால்னா என்றால் இந்தியில் தொட்டில். (சேலத்தில் 1992இல் தமிழக அரசு தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் வேறு, அது பெண் சிசுக்களைக் காக்க வந்தது.) ஐம்பது ஆண்டில் ஐந்து பெயர்! பெயர் வைப்பதில் நம் அரசுகளுக்கு இருக்கும் ஆர்வம் பிள்ளையை வளர்ப்பதில் இருந்தால் போதாதா?

இந்தத் திட்டங்களின் உயிர் எங்கே இருந்தது? காப்பகத்தை அரசு நேரடியாக நடத்தவில்லை. 'தன்னார்வ அமைப்பு' நடத்த வேண்டும். அரசு அதை அங்கீகரித்து மானியம் தரும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. கணக்கைப் பாருங்கள்.

2006ஆம் ஆண்டுத் திட்டத்தில் 25 பிள்ளைகள் கொண்ட ஒரு காப்பகத்துக்கு மாதம் 3,532 ரூபாய். இதில் இரண்டு ஊழியர்களுக்குத் தலைக்கு 1,000 ரூபாய் மதிப்பூதியம். பிள்ளைக்குச் சத்துணவு நாளொன்றுக்கு 2 ரூபாய் 8 காசு. அந்த 8 காசை யார் கண்டுபிடித்தார்களோ! அதையும் முழுதாகத் தரவில்லை. சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் ஆகும் செலவில் 90 சதவீதம்தான் அரசு தரும். மீதி 10 சதவீதத்தை அமைப்பு தன் மடியிலிருந்து போட வேண்டும். 2017ஆம் ஆண்டுத் திட்டத்தில் பங்கீடு தெளிவாகவே எழுதப்பட்டது: மத்திய அரசு 60, மாநில அரசு 30, அமைப்பு 10. ஊழியருக்கு மாதம் 3,000; உதவியாளருக்கு 1,500. மாதம் 26 நாள், நாளுக்கு ஏழரை மணி நேரம் காப்பகம் திறந்திருக்க வேண்டும். வகுத்துப் பார்த்தால் 25 பச்சைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஊழியருக்கு நாளொன்றுக்கு 115 ரூபாய் சொச்சம். உதவியாளருக்கு 58 ரூபாய்கூட இல்லை. செட்டியார்பட்டியில் நைட்டி தைக்கும் எந்தப் பெண் இந்தக் காசுக்கு மிஷினை விட்டு எழுந்து வருவாள்?

இதற்குப் பெயர் 'தன்னார்வம்'. அரசின் கடமையில் பத்தில் ஒரு பங்கை ஊர்க்காரர் தலையில் கட்டிவிட்டு, ஊழியரின் வயிற்றில் இன்னொரு பங்கைக் கட்டிவிட்டு, அதற்கு இனிப்பான ஒரு சொல்லையும் சூட்டியிருக்கிறார்கள்.

சரி, பத்து சதவீதத்தைத் திரட்டிவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். அங்கீகாரம் பெறும் பாதை எப்படிப்பட்டது? முதலில் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் ஏழு பேர் சேர்ந்து சங்கம் பதிய வேண்டும், அல்லது அறக்கட்டளைப் பத்திரம் எழுத வேண்டும். பான் அட்டை, வங்கிக் கணக்கு, தணிக்கை செய்த வரவு செலவு. நிதி ஆயோக்கின் 'தர்ப்பண்' தளத்தில் பதிந்து எண் வாங்க வேண்டும். மத்திய நிதி மேலாண்மைக் கணினி முறையில் கணக்கை இணைக்க வேண்டும். பணம் வந்த பிறகு பொது நிதி விதிகளின் 12-அ படிவத்தில் பயன்பாட்டுச் சான்று தர வேண்டும். அது போய்ச் சேர்ந்தால்தான் அடுத்த தவணை. புதிதாகச் சேரும் ஊழியர் 12ஆம் வகுப்பும் உதவியாளர் 10ஆம் வகுப்பும் படித்திருக்க வேண்டும். பிள்ளையின் தாய் மாதத்தில் 15 நாளாவது, அல்லது ஆண்டில் ஆறு மாதமாவது வேலை செய்பவராக இருக்க வேண்டும். உருப்படிக்குக் கூலி வாங்கும் பெண்ணுக்கு அந்தச் சான்றை யார் எழுதிக் கொடுப்பார்? வருகைப் பதிவேடே இல்லாத கொட்டகையின் முதலாளியா?

பாட்டியை நினைத்துப் பாருங்கள். அவர் எந்தப் படிவத்தின் எந்தக் கட்டத்துக்குள் வருவார்?

கணக்குக் கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. காகிதத்தில் மட்டும் காப்பகம் நடத்திப் பிள்ளைகளின் பாலைக் குடித்த புண்ணியவான்களும் இந்த நாட்டில் இருந்திருக்கிறார்கள். சோதனை வேண்டும். அறைக்குக் காற்று வருகிறதா, அடுப்படி தனியே இருக்கிறதா, கழிவறை சுத்தமாக இருக்கிறதா, பிள்ளைக்கு தடுப்பூசி போட்டாயிற்றா என்று வாரம் ஒருமுறை வந்து பார்க்கட்டும். ஆனால் நடந்ததோ வேறு. பக்கத்துத் தாலுகா ஒன்றில் இப்படி ஒரு காப்பகத்தைச் சில ஆண்டுகள் நடத்திய மன்றத்தார் என்னிடம் சொன்னார்கள்: முதல் ஆண்டு பணம் வந்தது. அடுத்த ஆண்டு வர எட்டு மாதம் ஆயிற்று. கடையில் அரிசி பருப்புக்குக் கடன். ஊழியருக்குச் சம்பளப் பாக்கி. மூன்றாம் ஆண்டு பூட்டுப் போட்டுவிட்டார்கள். ஆய்வுக்கு வந்த அதிகாரி பூட்டைப் பார்த்து, 'இயங்கவில்லை' என்று எழுதிக்கொண்டு போனாராம். ஊர் பெயரும் மன்றத்தின் பெயரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். பாக்கி வரும் என்று இன்னமும் நம்புகிறார்கள், பாவம்!

நாடு முழுக்க இதுதான் கதை. இருபதாயிரத்துக்கும் மேல் இருந்த காப்பகங்கள் 2020 வாக்கில் ஆறாயிரத்துச் சொச்சமாகச் சுருங்கின. தாய்மார் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார்களா? பிள்ளை பிறப்பது நின்றுவிட்டதா?

'மில் இருக்கிறதே, முதலாளி காப்பகம் வைக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதே' என்பீர்கள். இருக்கிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் காப்பகம் கட்டாயம் என்றது. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு பயன் சட்டம் 50 பேர் என்றது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களும் அந்த 50இலேயே நிற்கின்றன. ராஜபாளையத்து நூல் மில்லுக்கு இது பொருந்தும். பத்து மிஷின் போட்ட செட்டியார்பட்டிக் கொட்டகைக்கு? சிறு நிறுவனங்கள் கூடிப் பொதுக் காப்பகம் வைக்கலாம், நகராட்சியோ தொண்டு அமைப்போ நடத்தும் காப்பகத்தைப் பயன்படுத்தலாம் என்று புதிய சட்டம் ஒரு கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது. ஆனால் 50ஐத் தொடாதவன் அந்தக் கதவுப் பக்கம் போகவே வேண்டியதில்லையே!

இங்கே நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. 'நம் பெண்கள் வேலைக்குப் போவதில்லை, இது நம் பிரச்சினை அல்ல' என்று சொல்லும் சகோதரர்களே! மேலப்பாளையத்தில் பீடி சுற்றுவது யார்? பத்தமடையில் கோரைப்பாய் நெய்வது யார்? வீட்டு வாசலைத் தாண்டவில்லை என்பதற்காக அது வேலை இல்லை என்று ஆகிவிடுமா? புகையிலைத் தூள் பறக்கும் அறையிலேயே மடியில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு தட்டில் பீடி சுற்றும் தாய்க்கு, வேலைக்கு வெளியே போகும் தாயைவிடக் காப்பகம் அதிகம் தேவை. வீட்டில் இருந்து உழைப்பவரை எந்தச் சட்டத்தின் 50ம் எண்ணுவதில்லை. நாமும் எண்ணாவிட்டால் எப்படி?

வெளிநாட்டைப் பார்த்து வாய் பிளப்பது நம் வழக்கமல்ல. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2018 ஜூலை முதல் குழந்தைப் பராமரிப்பு மானியம் என்று ஒன்று நடக்கிறது. அங்கும் அங்கீகாரம் வாங்க வேண்டும், படிவங்களும் குறைவில்லை. ஆனால் அங்கீகாரம் கிடைத்துவிட்டால், குடும்பத்தின் வருமானத்தையும் பிள்ளை இருந்த மணி நேரத்தையும் கணக்கிட்டு, அரசின் பங்கு நேரே காப்பகத்துக்குப் போய்விடும். பெற்றோர் மீதியைக் கட்டினால் போதும். இன்னொன்று: ஒரு பெண் தன் சொந்த வீட்டிலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அங்கே முறை உண்டு. ஏழு பிள்ளைகள் வரை. அதில் பள்ளி வயது வராதவர் நான்கு பேருக்கு மேல் கூடாது. அங்கீகாரம் பெற்ற ஓர் அமைப்பு அவருக்குப் பொறுப்பு ஏற்கும், வீட்டைச் சோதிக்கும், பயிற்சிக்கு வழி செய்யும். அதிலும் பொய்க் கணக்கு எழுதியவர்கள் உண்டு. பிடித்து அங்கீகாரத்தை ரத்து செய்தார்கள். திட்டத்தை இழுத்து மூடவில்லை.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். பக்கத்துக் கர்நாடகத்தில் 2023இல் 'கூசின மனெ' என்று ஊராட்சிதோறும் காப்பகம் திறக்கும் திட்டத்தை அறிவித்தார்கள். இலக்கு 4,000 ஊராட்சிகள். பிள்ளை பார்க்கும் பெண்ணுக்கு நூறு நாள் வேலைத் திட்டத்திலேயே கூலி என்று வைத்தார்கள். ஊராட்சி பொறுப்பேற்றால் அங்கே தர்ப்பண் எண் எதற்கு?

தமிழ்நாட்டில் 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன என்று பெருமையாகச் சொல்கிறோம். பெருமைதான். ஆனால் இரண்டு வயது நிரம்பாத பிள்ளையை அங்கே விட முடியாது. அதற்கு வீட்டுக்குச் சத்துமாவுதான். நிரம்பிய பிள்ளைக்கும் மதியச் சோறு, ஒரு தூக்கம், அப்புறம் வீடு. தாயின் மிஷினோ இருட்டும்வரை ஓடுகிறது. பால்னா திட்டம் அங்கன்வாடியோடு காப்பகத்தைச் சேர்த்து நடத்தச் சொல்கிறது. நாடு முழுவதற்கும் வைத்த இலக்கு 17,000. இதில் விருதுநகர் மாவட்டத்துக்கு எத்தனை, ராஜபாளையம் தாலுகாவுக்கு எத்தனை, செட்டியார்பட்டிப் பேரூராட்சிக்கு ஒன்றாவது உண்டா?

கேளுங்கள். தகவல் உரிமைச் சட்ட மனுவுக்குப் பத்து ரூபாய்தான் கட்டணம். 30 நாளில் பதில் தர வேண்டும். ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள் துறையின் மாவட்டப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். உங்கள் ஊரில் எத்தனை அங்கன்வாடிகள் காப்பகத்தோடு சேர்த்து நடக்கின்றன? எத்தனை மணி வரை? அமைப்புகளுக்குத் தர வேண்டிய மானியப் பாக்கி எவ்வளவு, எந்த ஆண்டிலிருந்து? பதில் வந்ததும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் விருதுநகர் கலெக்டர் அலுவலகத்துக்குப் போங்கள். நைட்டி தைக்கும் தாய்மாரில் நாலு பேரையாவது அழைத்துப் போங்கள். அவர்களுக்கு அன்றைய கூலி போய்விடும். அதை உங்கள் சங்கமோ ஜமாஅத்தோ கொடுக்கட்டும். அன்றைக்கு அவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத்தான் பாட்டி இருக்கிறாரே.