பாஸ் மாறினால் நாடும் மாறும்

வெளிநாட்டில் குடியேறிய தமிழர்கள் அந்த நாட்டைப் பற்றிப் பேசினாலும் எழுதினாலும் பெரும்பாலும் ஒரே முடிவுக்குத்தான் வருகிறார்கள்: அங்கே மக்கள் ஒழுங்கானவர்கள், நேரம் தவறாதவர்கள், வரிசையில் நிற்பவர்கள், நம்மவர்களுக்கு அதெல்லாம் வராது. சிங்கப்பூரைப் பற்றி இந்தப் பேச்சைக் கேட்காத வீடு தமிழ்நாட்டில் குறைவு. அவர்கள் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். பிழை அதற்குச் சொல்லும் காரணத்தில் இருக்கிறது. சட்டமும் நிர்வாகமும் பணமும் சேர்ந்து செய்த வேலையை மக்களின் பிறவிக் குணம் என்று எழுதிவிடுகிறார்கள். தாங்கள் எந்த அனுமதியில் அங்கே இருக்கிறோம் என்பதையும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். இந்த இரண்டையும் கேட்டறிந்த பிறகே அவர்களுடைய சாட்சியத்தை எடை போட வேண்டும்.

சிங்கப்பூரின் தூய்மையையே எடுத்துக்கொள்வோம். அன்றைய பிரதமர் லீ குவான் யூ தூய்மை இயக்கத்தைத் தொடங்கியது 1968-ல். அந்த இயக்கத்தோடு மக்கள் மாறிவிட்டார்கள் என்றால் பிறகு தண்டனைக்கு வேலை இருந்திருக்காது. ஆனால் ஏறக்குறைய கால் நூற்றாண்டு கழித்து, 1992-ல், சூயிங்கம் விற்பனைக்குத் தடை வந்தது. திரும்பத் திரும்பக் குப்பை போட்டுப் பிடிபட்டவர்களைப் பொது இடத்தில் நாலு பேர் பார்க்கப் பெருக்க வைக்கும் தண்டனையும் அதே ஆண்டில் வந்தது. இன்றும் அந்த ஊரைக் கூட்டிப் பெருக்குவது சம்பளத்துக்கு வேலை செய்யும் பெரும் துப்புரவுப் படை. சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில் அண்டை வீட்டாராக வாழ்வதன் கதையும் இதுதான். அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் (வீவக) குடியிருப்புகளில் எந்த இனத்தவர் எத்தனை சதவீதம் வரை இருக்கலாம் என்பதற்கு 1989 முதல் வரம்பு உண்டு. ஓர் இனத்தின் பங்கு நிறைந்துவிட்ட கட்டடத்தில் வேறு இனத்தவர் தம் வீட்டை அந்த இனத்தவருக்கு விற்க முடியாது. பார்க்கிறவருக்கு நல்லிணக்கம் தெரியும். அதைத் தாங்கி நிற்கும் விதி தெரியாது. சாங்கி விமான நிலையத்தில் வரிசையில் நிற்பவரும், சில மணி நேரத்தில் திருச்சியில் இறங்கி முண்டியடிப்பவரும் ஒரே ஆள்தான். நான்கு மணி நேரப் பயணத்தில் ஒருவருடைய பிறவிக் குணம் மாறிவிடாது.

இனி, அங்கே ‘பாஸ்’ எனப்படும் வேலை அனுமதியைப் பற்றி. ‘எம்ப்ளாய்மென்ட் பாஸ்’ வைத்திருக்கும் கணினிப் பொறியாளரும் ‘ஒர்க் பெர்மிட்’டில் கட்டுமான வேலைக்குப் போன இளைஞரும் தமிழ்நாட்டின் ஒரே மாவட்டத்திலிருந்து போயிருக்கலாம். பொறியாளரின் மாதச் சம்பளம் 6,000 சிங்கப்பூர் வெள்ளியைத் தொட்டால் மனைவி மக்களை அழைத்துக்கொள்ள வழி உண்டு. பெர்மிட்காரர் எத்தனை ஆண்டு உழைத்தாலும் அந்த வழி திறக்காது. சிங்கப்பூர்க் குடிமகளையோ நிரந்தரவாசியையோ மணக்க வேண்டுமானால்கூட மனிதவள அமைச்சிடம் அனுமதி வாங்க வேண்டும். ஒருவர் அறிந்த ஊரில் பள்ளிக்கூடமும் பூங்காவும் நூலகமும் இருக்கின்றன. மற்றவர் அறிந்த ஊர், விடுதியும் லாரியும் வேலைத்தளமும் ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவும்தான். 2020-ல் அங்கே பதிவான கொரோனா தொற்றில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் தொழிலாளர் விடுதிகளில்தான் ஏற்பட்டது என்பதே இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையிலிருந்த தூரத்தைச் சொல்லும். நம் பத்திரிகைகளில் வரும் சிங்கப்பூர் பெரும்பாலும் முதல் ஊர். அனுமதி இதைவிட இறுக்கமாக இருந்த இடங்களும் உண்டு: கத்தாரில் 2018 வரை பெரும்பாலான வெளிநாட்டுத் தொழிலாளர்கள் முதலாளியின் ஒப்புதல் இல்லாமல் நாட்டை விட்டே வெளியேற முடியாமல் இருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் யாரும் குறை சொல்வதில்லை என்பது மனநிறைவுக்குச் சான்றாகாது.

பண்பாட்டுக்குப் பங்கே இல்லையா என்று கேட்கலாம். ஜப்பானைக் காட்டுவார்கள். 1995-ல் டோக்கியோ சுரங்க ரயிலில் நடந்த நச்சுவாயுத் தாக்குதலுக்குப் பிறகு பல பொது இடங்களில் குப்பைத் தொட்டிகளையே எடுத்துவிட்டார்கள். ஆனாலும் தெரு சுத்தமாக இருக்கிறது. உண்மைதான். அங்கே தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளே தங்கள் வகுப்பறையைத் துடைக்கிறார்கள் என்பதையும், எந்தக் குப்பையை எந்தக் கிழமை வெளியே வைப்பது என்பதற்கு ஒவ்வொரு பகுதியிலும் அட்டவணை உண்டு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பழக்கம் ரத்தத்தில் ஓடி வருவதில்லை. தலைமுறை தலைமுறையாக யாரோ பழக்குகிறார்கள்.

இன்னொரு மறுப்பு கூடுதல் கனமானது. விரும்பித்தானே போகிறார்கள், ஊரில் கிடைக்காத சம்பளம் கிடைக்கிறது, நன்றியோடு பேசுவதில் என்ன தவறு என்பது அது. தவறே இல்லை. அந்தச் சம்பளத்தில் கட்டிய வீடுகளும் படித்த தங்கைகளும் கண்கூடு. வந்த நாட்டைப் புதிய கண்ணால் பார்ப்பவருக்கு, அங்கேயே பிறந்தவருக்குப் பழகிப்போனவை பளிச்சென்று தெரிகின்றன என்பதும் சரி. ஆனால் பிழைப்புக் கொடுத்த நாட்டுக்கு நன்றி சொல்வது வேறு, அந்தச் சமூகத்தின் தன்மையைத் தீர்ப்பாகச் சொல்வது வேறு. வேலை போனால், நோய் வந்தால், முதுமை வந்தால் அந்த நாடு ஒருவரை எப்படி நடத்துகிறது என்பது, அதற்கு முன்பே பெர்மிட் முடிந்து ஊர் திரும்பிவிடுகிறவருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

குணத்தைக் காரணமாக்குவதில் இருக்கும் கேட்டுக்கு ஜெர்மனி நல்ல உதாரணம். 1961-ல் துருக்கியோடு ஒப்பந்தம் போட்டுத் தொழிலாளர்களை வரவழைத்த அந்த நாடு, அங்கேயே பிறந்த வெளிநாட்டவரின் பிள்ளைகள் பிறப்பால் குடியுரிமை பெறும் வழியை 2000-ல்தான் திறந்தது. துருக்கியர் நம்மோடு ஒட்டுவதில்லை என்று அந்தப் பக்கமும், ஜெர்மானியர் நெருங்கவிடுவதில்லை என்று இந்தப் பக்கமும் குறைபட்டுக்கொண்டிருந்த ஆண்டுகளில், பிறந்த மண்ணிலேயே ஒரு தலைமுறையைச் சட்டம் அந்நியராக வைத்திருந்தது.

இதில் நமக்கு நேரடியான நட்டம் உண்டு. ‘நம்மவர்களுக்கு வராது’ என்ற பேச்சு தன்னடக்கம்போலத் தோன்றினாலும், அதனால் பயனடைவது வேலை செய்யாத நிர்வாகம். குணம்தான் காரணம் என்றால் குப்பை அள்ளாத நகராட்சியைக் கேள்வி கேட்க முடியாது. விதியும் செலவும் கண்காணிப்பும்தான் காரணம் என்றால் கேட்டே ஆக வேண்டும். வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவர்கள் தெரு சுத்தமாக இருக்கிறது என்பதோடு நிறுத்தாமல், அதை யார் பெருக்குகிறார்கள், என்ன சம்பளத்துக்கு, எந்த பாஸில் என்றும் எழுதட்டும். இங்கே நகராட்சிக் கூட்டத்தில் எழுப்பக்கூடிய கேள்விகள் அவற்றிலிருந்துதான் கிடைக்கும்.