கீழ்த்தாடைக்கு இரண்டு இம்பிளாண்டுகள்

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். கூடவே சோறும் போகிறது என்பதுதான் என் கவலை. ஒரு பல் விழுந்தால் பிரிட்ஜா, இம்பிளாண்டா என்று நிதானமாக யோசிக்கிறோம். ஆனால் எல்லாப் பல்லும் விழுந்த பாட்டிக்கு மட்டும் ஒரு பல்செட் வாங்கிக் கொடுத்துக் கடமையை முடித்துவிடுகிறோம். மேல் செட் அண்ணத்தைப் பற்றிக்கொண்டு நிற்கும். கீழ் செட்டுக்கு அந்தப் பிடிமானம் கிடையாது. நாக்கு அசைந்தால் எழும்பும், ஈறை உரசிப் புண்ணாக்கும். பல்லில்லாத தாடையெலும்பு ஆண்டுக்கு ஆண்டு தேய்வதால், முதலில் கச்சிதமாக இருந்த செட்டும் தளர்ந்துபோகும். பிறகு செட் தண்ணீர் டம்ளரில் கிடக்கும். பாட்டி ரசஞ்சோற்றைக் குழையப் பிசைந்து விழுங்குவார். கொய்யா, கடலை, கறி எல்லாம் தட்டிலிருந்து விலகிவிடும். இதற்கு வழி உண்டு. கீழ்த்தாடையின் முன்பக்கம் இரண்டு டைட்டானியம் இம்பிளாண்டுகள் வைத்து, செட்டின் அடியில் பிரஸ் பட்டன் மாதிரி பிடிப்பு பொருத்தினால் போதும். சாப்பிடும்போது எழும்பாது, இரவில் கழற்றிக் கழுவலாம். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 2002-இல் கூடிய வல்லுநர்கள், பல்லில்லாக் கீழ்த்தாடைக்கு இதையே முதல் தேர்வாகப் பரிந்துரைத்தார்கள். தாடை முழுக்க நிலையான பல் கட்டுவதைவிடச் செலவும் குறைவு. எலும்பு போதுமானதாக இருந்து, சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் வயது மட்டும் தடையில்லை. அரசு பல் மருத்துவமனைகள் முதியோருக்குச் செட் செய்யும்போதே இந்த இரண்டு இம்பிளாண்டுகளையும் இலவசமாகச் சேர்த்துத் தர வேண்டும்.